மாரிக்கு முன் அடீனியம் சாடிகளைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அடீனியம் விற்காத பூங்கன்றுக் கடையைக் காண்பது இப்போது அரிது. பாலைவன ரோஜா என்று பெயர் சொல்லி, "வெயில் தாங்கும், தண்ணீர் கேட்காது" என்ற உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். அந்த உத்தரவாதம் உண்மைதான். ஆனால் கோடையெல்லாம் பூத்துக் குலுங்கிய செடி தைப்பொங்கலுக்குள் அடி அழுகிச் சரிவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆவணி பிறந்துவிட்டது, மழைக்கு இன்னும் அதிக நாளில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை மாரிக்கு முன்பே பிரசுரித்தால் சில நூறு சாடிகளாவது தப்பும்.

செனகலிலிருந்து சோமாலியா வரையான ஆபிரிக்க வறள்நிலமும் அரபுத் தீபகற்பத்தின் தெற்குப் பகுதியும் இச்செடியின் பிறப்பிடம். யேமனில் இதைக் கண்டு எழுதிய ஃபோர்ஸ்கோல் என்ற தாவரவியலாளரின் குறிப்புகள் 1775இல் அச்சானபோது, அவர் இதை அலரி இனத்தில்தான் சேர்த்திருந்தார். பின்னர் தனி இனமாகப் பிரித்தாலும் குடும்பம் ஒன்றே. அடியில் பருத்து நிற்கும் தண்டு தண்ணீரைச் சேமிக்கும் இடம். நம் ஊர் வெப்பம் இதற்கு ஒரு பொருட்டில்லை. கச்சான் காற்றில் மற்றச் செடிகள் கருகும் ஆனி, ஆடியில் இது பூக்கும். குளிர்நாட்டார் எழுதிவைத்த "10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர விடாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் நமக்கு வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது ஐப்பசி முதல் தை வரையான மழையில் வேரை எப்படி உலர்வாக வைப்பது என்ற அறிவு மட்டுமே. நாட்கணக்கில் ஈரத்தில் ஊறும் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. இறந்த வேர் வழியே பங்கசு தண்டுக்குள் ஏறும். மேலே இலை பச்சையாக இருக்கும்போதே உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

முதலில் மண். கடையிலிருந்து வரும் செடி பெரும்பாலும் கறுத்தப் பொலித்தீன் பையில், தும்புத்தூளில் நிற்கும். கடைக்காரருக்கு அது வசதி: பாரம் குறைவு, ஒருநாள் தண்ணீர் விட மறந்தாலும் வாடாது. அதே குணம்தான் மாரியில் செடிக்கு எமன். தும்புத்தூள் கட்டியை அப்படியே வைத்துச் சுற்றிலும் நல்ல கலவை போடுவதில் பயனில்லை, நடுவில் இருக்கும் தூள் ஈரத்தை விடாது. பையைக் கீறி, தூளைக் கையால் உதிர்த்து, மிச்சத்தைத் தண்ணீரில் அலசி எடுங்கள். நைந்த வேர்களை நறுக்கிவிட்டு 3 முதல் 5 நாள் நிழலில், காற்றுப்படும் இடத்தில் கிடத்துங்கள். பயப்பட வேண்டாம், செடி சாகாது. காயம் உலர்ந்தபின் உலர்ந்த கலவையில் நட்டு, இன்னும் 5 நாள் கழித்து முதல் தண்ணீர் விடலாம்.

கலவைக்கு 4 பங்கு பருமணல், 2 பங்கு செங்கல் துண்டு, 2 பங்கு உமிக்கரி, 1 பங்கு நன்றாக மக்கிய ஆட்டெரு. கட்டட வேலைக்கு வரும் ஆற்றுமணலை நுளம்பு வலையில் அரித்து, வலையில் தங்குவதை மட்டும் எடுங்கள். கீழே விழும் பொடி மணல்தான் இடைவெளிகளை அடைத்துத் தண்ணீரைப் பிடித்து வைப்பது. செங்கலை மிளகு முதல் கடலை வரையான பருமனுக்கு உடைத்து, தூளைக் கழுவி விடுங்கள். உமி என்றால் கருக்கிய உமிதான், பச்சை உமி சாடிக்குள்ளேயே மக்கத் தொடங்கி மண்ணின் நைதரசனை இழுத்துக்கொள்ளும். வெள்ளைச் சாம்பலாக எரிந்ததும் உதவாது, அதன் காரம் வேருக்கு ஆகாது. கடற்கரை மணலை அள்ளிவந்து போடும் பழக்கத்தையும் விட வேண்டும். உப்பு ஒருபுறமிருக்க, அதிலுள்ள சிப்பித் துகள் மண்ணில் சுண்ணாம்பைக் கூட்டும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கலவை சரியா என்று பார்க்க, நிரப்பிய சாடியில் ஒரு லீற்றர் தண்ணீரை ஊற்றுங்கள். ஊற்றி அரை நிமிடத்துக்குள் அடித்துளையால் ஓட வேண்டும். மேலே குளமாக நின்றால் மணல் போதாது.

சாடி அகலமாக, ஆழம் குறைந்ததாக இருக்கட்டும். 12 அங்குலச் சாடிக்கு ஒரு விரல் நுழையும் துளைகள் நான்கைந்து வேண்டும். அடியில் சல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது எல்லோரும் சொல்வது, அது பிழை. நுண்ணிய மண்ணிலிருந்து பருங்கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுதும் ஊறிய பிறகே சல்லிக்குள் சொட்டும், ஆகவே ஈரப்படை வேருக்கு இன்னும் கிட்ட ஏறி நிற்கும். துளையை ஒரு வலைத் துண்டால் மூடி, அடிவரை ஒரே கலவையைப் போடுவதுதான் சரி. சாடியை மூன்று ஓட்டுத் துண்டின் மேல் தூக்கி வையுங்கள். கீழே வைக்கும் தட்டு இந்தச் செடிக்குத் தேவையே இல்லை. டெங்கு நுளம்பு அந்தத் தட்டுத் தண்ணீரில் ஒரு கிழமை, பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும், காய்ந்த தட்டில் ஒட்டிய முட்டையோ மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

நிலத்தில் நடுவோருக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமுள்ள எழுவான்கரையில், மணல்தானே, வடியும் என்று நேரே நடுகிறார்கள். மேல்மண் வடியும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் கிணற்றுநீர் நிலமட்டத்துக்குக் கிட்ட ஏறும் வளவுகளில் கீழிருந்து ஈரம் வந்துவிடும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் களியில் சொல்லவே வேண்டாம். நிலமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயரம், மூன்று அடி அகலத்துக்குச் சீமெந்துக் கற்களைச் சாந்து பூசாமல் இடைவெளி விட்டு அடுக்கி, உள்ளே மேற்சொன்ன கலவையை நிரப்பி அதில் நடுங்கள். அப்படி நடப்பட்ட செடியை மழைக்குத் தூக்கி உள்ளே வைக்க முடியாது என்பதை நினைவில் வைத்து, முதல் இரண்டு வருடம் சாடியில் வளர்த்துத் தண்டு முற்றியபின் இறக்குவது நல்லது.

தண்ணீர் விடயத்தில் இரு பக்கமும் பிழை நடக்கிறது. வறட்சி தாங்கும் என்பதற்காக ஆடி மாதத்தில் இரண்டு கிழமை காயவிட்டால் செடி சாகாது, ஆனால் இலையைக் கொட்டி, பூவை நிறுத்திவிடும். நல்ல வெயில் காலத்தில் 12 அங்குலச் சாடிக்கு 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை, அடியால் ஓடும்வரை விடுங்கள். ஒரு ஈர்க்கை அடிவரை குத்திப் பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள். ஈரமாக வந்தால் அன்று வேண்டாம். தண்டைப் பெருவிரலால் அமுக்குவது இன்னொரு சோதனை. முழுத் தண்டும் ஒரே சீராகத் தளர்ந்து, தோல் சுருங்கியிருந்தால் தாகம், தண்ணீர் விட்டால் சில நாளில் இறுகும். ஓரிடத்தில் மட்டும் குழைவாக அமுங்கி, தோல் கறுத்து, புளித்த வாடை வந்தால் அழுகல். இந்த வித்தியாசம் தெரியாமல் அழுகும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோர்தான் அதிகம். கடலோரக் கிணறுகள் ஆவணியில் உவர்க்கும்போது சாடி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியும். மாதத்தில் ஒருநாள் நல்ல தண்ணீரை வழமையைப் போல் மூன்று மடங்கு ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

இனி மாரி. புரட்டாதி நடுவோடு பசளையை நிறுத்துங்கள். முதல் பெருமழைக்கு முன் சாடிகளைக் கூரைக்குக் கீழ் கொண்டுவர வேண்டும். எந்தப் பக்கத் தாழ்வாரம் என்பதுதான் கேள்வி. வாடைக்காற்று மழையை வடகிழக்கிலிருந்து சாய்த்தடிக்கும், ஆகவே வடக்கும் கிழக்கும் வேண்டாம். மார்கழியில் மட்டக்களப்பில் உச்சிப்பொழுதுச் சூரியன் தலைக்கு நேரே இல்லாமல் ஏறத்தாழ 31 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். அதனால் தெற்குத் தாழ்வாரத்துக்குள் வெயிலும் நுழையும், சாரலும் குறைவு. பீலி இல்லாத வீடுகளில் கூரைத் தண்ணீர் விழும் கோட்டுக்கு ஒரு முழமாவது உள்ளே தள்ளி வையுங்கள். இடமில்லாதோர் தெளிந்த பொலித்தீனை நான்கு கம்பில் சாய்வாகக் கட்டலாம். பக்கங்களை மூட வேண்டாம், காற்றோட்டம் நின்றால் உள்ளே புழுக்கத்தில் இலைப்புள்ளி வரும். இக்காலத்தில் ஈர்க்குச் சோதனையில் முழுதும் உலர்ந்திருந்தால் மட்டும், 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை அரை லீற்றர். இலை முழுதும் உதிர்ந்துவிட்டால் அதுவும் வேண்டாம். இலை கொட்டுவது செடி ஓய்வுக்குப் போவது. அதைப் பார்த்துப் பதறி யூரியா கரைத்து ஊற்றுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை.

அழுகல் தெரிந்தால் அன்றே செடியைப் பிடுங்குங்கள். ஸ்பிரிட் துடைத்த கத்தியால் குழைந்த பகுதியை வெட்டி, வெள்ளையான இறுகிய சதை வரும்வரை போங்கள். வெட்டுமுகத்தில் ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சினாலும் திரும்ப அழுகும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். கப்டான் போன்ற பங்கசுநாசினித் தூளைத் தடவலாம், இல்லாவிட்டால் கறுவாத் தூள். கறுவாத் தூள் காயத்தை உலர்த்தும், ஆழமாகப் போன அழுகலை மாற்றாது. 7 முதல் 10 நாள் நிழலில் காயவிட்டு மறுபடி நடுங்கள்.

தை கடைசியில் மழை ஓய்ந்ததும் கொம்புகளை 4 முதல் 6 அங்குலம் விட்டு வெட்டினால், புதுத் தளிர் நுனிகளில் ஆறு எட்டுக் கிழமையில் மொட்டு வரும். சாடி மாற்றுவதும் அப்போதுதான். ஒவ்வொரு முறையும் தண்டை ஓர் அங்குலம் உயர்த்தி நட்டால் பருத்த வேர் வெளியே தெரியும். புதிதாக வெளிப்பட்ட வேர்த்தோல் வெயிலில் பொசுங்கும் என்பதால் இரண்டு கிழமை அரைநிழல் வேண்டும். பூச்சிகளில், கச்சான் காலத்தில் இலைக்கு அடியில் வரும் சிற்றுண்ணிக்குக் காலையில் தண்ணீரைப் பீச்சினாலே போதும். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டும் வெண்மூட்டுப்பூச்சிக்கு லீற்றருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சவர்க்காரத் திரவம், மாலையில். ஒரே இரவில் இலை மொட்டையானால் அலரியில் வரும் பெரிய பச்சைப் புழுவாக இருக்கும்: தலைப்பக்கம் நீலக் கண்போன்ற புள்ளி, வாலில் சிறு முள். கீழே கிடக்கும் கறுத்த எச்சத்துக்கு நேர் மேலே தேடினால் அகப்படும். மருந்து தேவையில்லை.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா, தடியிலிருந்து வேர்விட வைத்ததா என்று வாங்குவோருக்குச் சொல்லுங்கள். விதைக்கன்றில் அடி நன்றாகப் பருக்கும், ஆனால் பூ தாய்ச்செடியின் நிறத்தில் வருமென்று சொல்ல முடியாது. ஒட்டில் நிறம் நிச்சயம், ஒட்டுக்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தடிக்கன்றில் அந்தப் பருத்த அடியை எதிர்பார்க்க வேண்டாம். மூன்றுக்கும் ஒரே விலை வாங்குவது நியாயமில்லை.

இதன் பால் நஞ்சு. ஆபிரிக்காவின் சில பகுதிகளில் வேட்டை அம்புக்கு இந்தப் பாலைத் தடவினார்கள், இதயத் துடிப்பைக் குழப்பும். வெட்டும்போது கையுறை போடுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெட்டிய கொம்புகளை ஆட்டுக்குக் குழையோடு சேர்த்துப் போடாதீர்கள். பிள்ளைகள் இலையையோ பூவையோ மென்றதாகச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாடசாலை அழகுபடுத்தலுக்கு இச்செடியைத் தெரிவு செய்யும் அதிபர்கள், ஆரம்பப் பிரிவு வகுப்புகளின் பக்கம் மட்டும் வேறு செடி வைக்கட்டும்.

இப்படிக்கு,
பூஞ்செடி வளர்ப்பாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.