ஈட்டன் தீயின் இரவில் எங்களைக் காத்தவர்களுக்கு

அன்புக்குரிய எதிர்வீட்டுப் பெரியவருக்கும், எங்கள் தெருவாருக்கும், பெயர் தெரியாமலே எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஜனவரி 7 மாலை லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஈட்டன் பள்ளத்தாக்கில் மூண்ட காட்டுத்தீ ஆல்டடீனா ஊரைப் பொசுக்கிய அந்த இரவில், பசடீனாவின் வடகிழக்கு மூலையில் ஹேஸ்டிங்ஸ் ரேஞ்ச் மேட்டிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அம்மாவும் மகளும் நானும் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தோம். என் கணவர் அப்போது வேலை நிமித்தம் சியாட்டிலில் இருந்தார். வீடும் தப்பியது. உங்களில் பலரை நேரில் கண்டு கைகூப்பிவிட்டோம். சிலரைத் தேடிப் பிடிக்க வழியே இல்லை. "வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதி வை" என்று ஊருக்கு விமானம் ஏறும் முன் அம்மா சொல்லிவிட்டுப் போனார். மலையடிவாரங்களில் வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கலிஃபோர்னியாவில் நிறைய உண்டு. அவர்களுக்கும் உதவும் என்பதால், நீங்கள் செய்ததைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

வானிலை ஆய்வாளர்களுக்கு முதல் வணக்கம். லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் 2024 மே மாதத் தொடக்கத்திலிருந்து புத்தாண்டு வரை பெய்த மொத்த மழையே 0.16 அங்குலம், அதாவது சுமார் 4 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலங்களில் கொட்டிய மழையில் செழித்த புதர்களெல்லாம் மலைச்சரிவில் சருகாக நின்றன. அந்தச் சருகின் மேல், பாலைவனத்திலிருந்து மலை தாண்டி இறங்கும் சாந்தா ஆனா காற்று வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் வீசப்போகிறது என்று நீங்கள் நாட்கணக்கில் முன்னதாகவே எச்சரித்தீர்கள். நீங்கள் சுற்றி வளைக்காமல், உயிருக்கே ஆபத்து என்று வெளிப்படையாகச் சொன்னதால்தான் எதிர்வீட்டுப் பெரியவர் தீ மூளும் முந்தைய நாளான திங்கட்கிழமை பிற்பகலே தெருவில் இறங்கினார்.

பெரியவரே, உங்களைப் பற்றித்தான் எனக்கு எழுத அதிகம் இருக்கிறது. 1993 அக்டோபரில் இதே மலையில் கின்னலோவா தீ வந்தபோதும் இந்தத் தெருவில் இருந்தவர் நீங்கள். 2020-இல் பாப்கேட் தீ மலை முகட்டில் நாள்கணக்காக எரிந்ததையும் பார்த்தவர். அந்தத் திங்கட்கிழமை வீடு வீடாக வந்து கதவைத் தட்டினீர்கள். எங்கள் வாசலில் நின்று, "தீ நடந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொறி பறந்து வரும். அது எங்கே விழுந்தால் பற்றும் என்று பாருங்கள்" என்றீர்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே குனிந்து, அம்மா ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து வாசலில் போட்டிருந்த தேங்காய் நார் மிதியடியை எடுத்துப் புல்வெளி நடுவே வைத்தீர்கள். பிறகு எங்கள் கையாலேயே எல்லாவற்றையும் செய்யவைத்தீர்கள். பின்கட்டு நாற்காலிகளின் மெத்தைகளை உள்ளே கொண்டுவரச் சொன்னீர்கள். வெளியில் சமைக்கும் அடுப்பின் எரிவாயு உருளையைச் சுவரை விட்டுத் தள்ளி வைக்கச் சொன்னீர்கள். கூரை ஓரத் தகரக் கால்வாயில் அடைத்துக் கிடந்த பைன் ஊசிகளை அள்ளச் சொல்லி, ஏணியை நீங்களே பிடித்துக்கொண்டீர்கள். காரைப் பின்பக்கமாக உள்ளே ஏற்றி, முகம் தெருவைப் பார்க்க நிறுத்தச் சொன்னதும் நீங்கள்தான்.

அதைவிடப் பெரிய உதவி, கார் கொட்டகையின் கதவைப் பற்றி நீங்கள் சொன்னது. அது மின்சாரத்தில் திறக்கும் கதவு. மின்சாரம் போய்விட்டால் கார் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. கதவின் தண்டவாளத்திலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது. அதைக் கீழ்நோக்கி இழுத்தால் மோட்டாரின் பிடி விட்டுவிடும், பிறகு கையாலேயே கதவைத் தூக்கலாம். நீங்கள் செய்து காட்டியதோடு விடவில்லை, என்னை இழுக்கச் சொன்னீர்கள், அம்மாவையும் இழுக்கச் சொன்னீர்கள். மறுநாள் இரவு மின்சாரம் அறுந்து தெருவே இருண்டபோது, நான் மகளைக் கைப்பிடித்துக்கொண்டு பைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். கொட்டகைக்குள் போய்க் கயிற்றை இழுத்தவர் அம்மா. மலைக்காட்டை ஒட்டி வாழும் எல்லோரும் இன்றைக்கே அந்தக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. ஸ்ரீவைகுண்டத்துக்காரர். 2023 டிசம்பர் வெள்ளத்தைத் தாமிரபரணிக் கரையில் இருந்து பார்த்தவர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. அப்போது கற்றதை இங்கே மறக்காமல் செய்தார். கடவுச்சீட்டுகள், விசாத் தாள்கள், வீட்டுப் பத்திரம், மகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுருட்டி, இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டுத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அப்பாவின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். நகையைப் பற்றி நான் கேட்டபோது, "முதலில் மாத்திரை" என்றார்.

அடுத்த வீட்டுத் தங்கையே, அம்மாவின் இன்சுலினுக்காக உங்கள் சின்ன ஐஸ் பெட்டியைக் கேட்காமலே எடுத்து வந்தீர்கள். பனிக்கட்டியோடு ஒட்டினால் இன்சுலின் உறைந்து வீணாகிவிடும் என்று சொல்லி, அதைத் துவாலையில் சுற்றி நடுவில் வைத்துக் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு நாய்களையும் ஒரு கைக்குழந்தையையும் ஏற்ற வேண்டிய அவசரத்துக்கு நடுவில் இதைச் செய்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறேகால் மணி வாக்கில் பள்ளத்தாக்குப் பக்கம் வானம் சிவந்தது. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாட்ச் டூட்டி செயலியை நடத்துகிறவர்களுக்கு இங்கே நன்றி சொல்ல வேண்டும். தீயணைப்புத் துறையின் வானொலிப் பேச்சைக் காதில் வாங்கி, சரிபார்த்து, தீ எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் நிமிடத்துக்கு நிமிடம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்களில் பலர் தன்னார்வலர்கள், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களும் இருக்கிறார்கள். வதந்தி பறந்த அந்த இரவில் நாங்கள் நம்பியது அந்த ஒரு வரைபடத்தைத்தான். எங்கள் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு வந்தபோது நாங்கள் காரில் அமர்ந்திருந்தோம். விளக்குகளின் பொத்தான்களை அணைக்காமல், ஜன்னல்களை அடைத்து, கதவைச் சாத்திப் பூட்டாமல் விட்டோம். தீயணைப்பு வீரர்கள் வந்தால் உள்ளே நுழைய வேண்டுமே. தோட்டத்துத் தெளிப்பானைத் திறந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்த வீட்டாரிடம், குழாயில் அழுத்தம் குறைந்தால் தீயணைக்கவே தண்ணீர் வராது என்று பெரியவர் சத்தம் போட்டுச் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. தெருமுனை தாண்டும்போது காற்று காரையே தள்ளியது. கொல்லன் பட்டறையில் சம்மட்டி விழுந்ததுபோலப் பொறிகள் சாலையின் குறுக்கே தெறித்து ஓடின. மகள் ஒரு வார்த்தை பேசவில்லை, பாட்டியின் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

பசடீனா மாநாட்டு மையத்தில் எங்களை வரவேற்ற செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வலர்களே, முதியோர் இல்லங்களிலிருந்து சக்கர நாற்காலிகளில் வந்தவர்களைக் கவனிக்கவே உங்களுக்குக் கைகள் போதவில்லை. அந்த நெருக்கடியிலும் அம்மாவின் மூட்டுவலியைக் கேட்டறிந்து, கழிவறைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தீர்கள். இன்சுலினை வாங்கிப் பெயர் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்த செவிலியரே, காலையில் நாங்கள் கேட்கும் முன்பே அதை எடுத்து வந்து கொடுத்தவரும் நீங்கள்தான். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனபோது, பழைய புட்டியின் சீட்டைப் பார்த்தே சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்த மருந்துக்கடைக்காரரே, உங்களுக்கும் நன்றி.

செரிட்டோஸ் ஊரில் இருக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்கள். எழுதத்தான் போகிறேன். உங்களை எங்களுக்கு அதிகம் தெரியாது, பொங்கல் விழாவில் பார்த்துப் பேசிய பழக்கம்தான். வாட்ஸ்அப் குழுவில் செய்தி பார்த்து, "வீடு இருக்கிறது, வாருங்கள்" என்று முகவரியை அனுப்பினீர்கள். சொந்த அறையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் கூடத்தில் படுத்தீர்கள். ஜனவரி 9 பிற்பகல் மாவட்டம் முழுவதும் எல்லோருடைய கைப்பேசியும் அலறியது. வெளியேறத் தயாராகுங்கள் என்று தவறுதலாக வந்த எச்சரிக்கை அது. அம்மா பதறி எழுந்தார். அத்தான் வரைபடத்தைத் திறந்து, தீக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள தூரத்தை அவருக்குக் காட்டி, கூடவே உட்கார்ந்து காபி குடித்தார். ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் நின்றுபோன செந்தூர் ரயிலின் பயணிகளுக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சோறு பொங்கிப் போட்ட கதையை அம்மா அன்று உங்களுக்குச் சொன்னார். ஏன் சொன்னார் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தீயணைப்பு வீரர்களே, அன்றிரவு காற்றின் வேகத்தில் விமானமும் ஹெலிகாப்டரும் பறக்க முடியாமல் போனது. தரையில் நின்றவர்கள் நீங்கள் மட்டுமே. நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது பின்பக்க மரவேலியில் ஒரு பாகம் வெட்டித் தள்ளப்பட்டிருந்தது. விழுந்து கிடந்த பலகைகள் பாதி கரிந்திருந்தன, வீட்டுச் சுவருக்கும் கரிக்கும் இடையே ஓர் ஆள் நீளம்தான் இருந்தது. எங்கள் தோட்டக் குழாய் அந்த இடம்வரை இழுத்துப் போடப்பட்டிருந்தது. வெட்டியவர் யார் என்று விசாரித்தோம், யாருக்கும் தெரியவில்லை. யாராயிருந்தாலும், இந்த வரி உங்களுக்கு. அந்த வேலியைச் சரிசெய்யும்போது வீட்டை ஒட்டிய பகுதியில் மரம் வைக்கவில்லை. உலோகத்தில் போட்டிருக்கிறோம்.

மலை உச்சியிலிருக்கும் மவுண்ட் வில்சன் வானியல் ஆய்வகத்தைக் காத்தவர்களுக்கு மகளின் சார்பில் ஒரு தனி நன்றி. நம் பால்வெளிக்கு அப்பாலும் விண்மீன் மண்டலங்கள் உண்டு என்று ஹபிள் கண்டறிய உதவிய நூறு அங்குலத் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. அது தப்பியதா என்பதைத்தான் அவள் முதலில் கேட்டாள்.

கலிஃபோர்னியச் சிறைகளிலிருந்து வந்து, மண்வெட்டியும் கோடரியுமாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டிய நூற்றுக்கணக்கான கைதிகளையும் விட்டுவிட முடியாது. அப்போது அவர்களுக்கு நாளுக்கு 5.80 முதல் 10.24 டாலர் வரை கூலி, தீயணைக்கும் நேரத்துக்கு மணிக்கு ஒரு டாலர் கூடுதல். இவ்வளவு ஆபத்தான வேலைக்கு இது அநியாயமான கூலி என்று உரக்கச் சொல்வதும் நன்றியின் ஒரு பகுதி என்று கருதுகிறேன். பசடீனா சமூக வேலை மையத்தின் தினக்கூலித் தொழிலாளர்களும் அப்படித்தான். விழுந்த மரங்களையும் குப்பையையும் தெருத் தெருவாக அகற்ற முதலில் இறங்கியவர்களில் அவர்களும் உண்டு. இந்த நாட்டில் தங்களுடைய நாளையே நிச்சயமில்லாதவர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். மெக்சிகோவிலிருந்தும் கனடாவிலிருந்தும் உதவிக்கு வந்தவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

எங்களுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. காற்று தீயைப் பெரும்பாலும் ஆல்டடீனா பக்கம் தள்ளியது. 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன, 19 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆல்டடீனாவில் லேக் அவென்யூ என்ற சாலைக்கு மேற்கே வசித்தவர்கள். வேறு இடங்களில் வீடு வாங்கக் கறுப்பின மக்களுக்குக் கதவடைத்த காலத்தில், அவர்கள் பாடுபட்டு வீடு வாங்கித் தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி அது. அங்கே வெளியேறும் உத்தரவு அதிகாலை மூன்று மணிக்குப் பிறகுதான் வந்தது. தீ மூண்டு ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. இறந்தவர்களில் வயதானவர்களும் நடமாட முடியாதவர்களும் பலர். எங்களுக்கு ஒரு பெரியவர் வந்து கதவைத் தட்டினார். அவர்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை போகாததற்கான காரணம் முழுதாக வெளியே வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாங்களும் கேட்போம்.

கடைசியாக மகளின் ஆசிரியைக்கு. அன்றிரவு எட்டு மணிக்கு மேல் நீங்கள் அழைத்து, "கிளம்பிவிட்டீர்களா? பாட்டியும் கூட இருக்கிறார்களா?" என்று கேட்டீர்கள். நீங்கள் ஆல்டடீனாவில் இருந்து பேசுகிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. விடியும்போது உங்கள் வீடு இல்லை. பள்ளி திறந்த முதல் நாளில் இரவல் சட்டையோடு வந்து, ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைத்தீர்கள் என்று மகள் சொன்னாள். நீங்கள் அதே மனையில் மீண்டும் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டின் பின்னறைக்குத் தனி வாசல் உண்டு, அதைச் சுத்தம் செய்து சாவியை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். வாடகை பேச வேண்டாம். கட்டி முடியும்வரை, ஒரு மாதமோ மூன்று ஆண்டுகளோ, அந்த அறை உங்களுடையது.

நன்றியுடனும் அன்புடனும்,
ஹேஸ்டிங்ஸ் ரேஞ்சிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்