சியெம் ரீப்பில் தலையைக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் நாம் பணம் அனுப்பி உதவிய பெண்கள் சலூன் பயிற்சியை முடித்துவிட்டார்கள். உதவியவர்களுக்குத் தனித்தனியாக எழுதலாம் என்று நினைத்து நினைத்தே நாள் ஓடிவிட்டது, அதனால் மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கத்தரி, ட்ரையர், டம்மி தலை எல்லாம் பெட்டி கட்டி அனுப்பிய கோலாலம்பூர் சலூன் நண்பர்களுக்கு முதல் நன்றி. டம்மியில் நிஜ முடியாகப் பார்த்து வாங்கியிருந்தீர்கள், அது பெரிய விஷயம், சாதாரண செயற்கை முடி ட்ரையர் சூட்டில் பொசுங்கும், சாயமும் பிடிக்காது. ஆனால் ஒரு டம்மியை எத்தனை முறை வெட்ட முடியும்? பாப் கட் பழகி, அதையே லேயராக்கி, கடைசியில் கிராப்பும் வெட்டினால் அப்புறம் மொட்டைதான். அதற்குமேல் உயிருள்ள தலை வேண்டும்.

அதைக் கொடுத்தவர்கள் ப்சார் லூ சந்தையில் மீனும் காய்கறியும் விற்கும் அக்காமார்கள். கம்போடியாவில் தலை என்பது மரியாதைக்குரிய இடம், முன்பின் தெரியாதவர் தொட்டால் முகம் சுளிப்பார்கள். பயிற்சிப் பெண்கள் கைகூப்பி அனுமதி கேட்ட பிறகுதான் சீப்பையே எடுப்பார்கள். ஒரு அம்மாவுக்கு இடப்பக்கம் விரலளவு குட்டையாகப் போய்விட்டது, வெட்டிய பெண்ணுக்குக் கை நடுங்குகிறது. டீச்சர் அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கப் போனார். அந்த அம்மா கண்ணாடியிலேயே பார்த்து, "அவளே சரி பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுக் கழுத்தில் கட்டிய துணியை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். சரியாகிவிட்டது, என்ன, கூந்தல் தோளுக்கு மேலே ஏறிவிட்டது!

அந்த டீச்சருக்கும் சொல்ல வேண்டும். நான் போனது வெட்டும் கலரும் சொல்லிக்கொடுக்க. ஆனால் அங்கே சலூனுக்கு வருமானமே கல்யாணத்தில்தான். மணப்பெண் ஒவ்வொரு சடங்குக்கும் உடை மாற்றுவாள், உடைக்கேற்ற கொண்டையும் மாறும். மணமக்களின் முடியைப் பேருக்குக் கொஞ்சம் வெட்டுகிற சடங்கே தனியாக உண்டு. விடிவதற்குள் அலங்காரம் முடிய வேண்டும் என்பதால் நடுராத்திரி தாண்டியதுமே பெண் வீட்டில் பெட்டியைத் திறந்துவிடுவார்கள். என்னுடைய லேயர் கட்டைவிட டீச்சர் சொல்லிக்கொடுத்த கொண்டைதான் இந்தப் பெண்களுக்குச் சோறு போடும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழை ஓய்ந்ததும் கல்யாண சீசன், வேலை காத்திருக்கிறது.

அப்புறம் பெற்றோர்கள். கார்மென்ட் ஃபேக்டரிக்கு அனுப்பியிருந்தால் 2025 கணக்குப்படி குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 208 டாலர். சலூனில் எடுத்த எடுப்பிலேயே அவ்வளவு வரும் என்று நான் பொய் சொல்லத் தயாரில்லை, அவர்களிடமும் சொல்லவில்லை. தெரிந்தேதான் பொறுத்திருந்தார்கள். பணம் அனுப்பிய நாம் யாரும் செய்யாத காரியம் அது.

மின்சாரம் போன நாட்களில் ஜெனரேட்டர் இரவல் தந்த பக்கத்துக் கடை அண்ணனுக்கும் நன்றி.

அடுத்த குழு, முன்னோருக்குப் படைக்கும் ப்சும் பென் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பியதும் தொடங்கும். பழைய கத்தரி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து சாணை பிடித்து அனுப்புங்கள். இந்த முறை இடக்கைப் பழக்கமுள்ள பெண் ஒருத்தி சேருகிறாள், யாரிடமாவது இடக்கைக் கத்தரி சும்மா கிடந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.