பாப்பாவுக்கு, கேம் ஷாஃப்ட் விஷயமாக

கிருஷ்ணகிரி
ஆனி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாங்காய் வரத்து இப்போது உச்சம். பெங்களூரா ஏற்றிய வண்டிகள் கூழ் தொழிற்சாலை வாசலில் விடிய விடிய வரிசையில் நிற்கின்றன. பட்டறையைத் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்டில் எதை வாங்கலாம் என்று கேட்டு நீ வாட்ஸாப்பில் அனுப்பிய மூன்று கேமின் அளவு அட்டைகளையும் தம்பியை விட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண்களைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்து நாலு நாளாக யோசிக்கிறேன். போனில் பேசினால் பாதியில் குழந்தை அழும், இல்லை லைன் போகும். அதனால்தான் கடிதம்.

முதலில் உன் வண்டி. 1974 மாடல் செவ்ரோலெட் சி10, அதில் 350 கன அங்குல எஞ்சின். நம் பட்டறையில் அதிகம் இறங்கியது டாடா 697. பெயரிலேயே கணக்கு இருக்கும்: 6 சிலிண்டர், 97 மில்லி போர், அதாவது சிலிண்டரின் அகலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 128 மில்லி. உன் 350 இதற்கு நேர் எதிர். போர் 101.6, ஸ்ட்ரோக் 88.4. அகலமாய் ஆழம் குறைந்த சிலிண்டர், வேகமாகச் சுற்றத் தயங்காது. 1967இல் அது முதலில் வந்ததே காமரோ என்ற காரில்தான். அதனால் அங்கே கடையில் இருப்பவர்கள் அதைச் சுற்ற வைக்கிற கேமைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் உன்னிடம் இருப்பது கார் இல்லை, பிக்கப். மரச் சட்டமும் ஜல்லியும் ஏற்றுகிறாய், லீவு நாளில் சின்ன டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாய். நீ சொன்ன வேலை இதுதானே?

தொப்பூர் ஏற்றம் உனக்கு நினைவிருக்கும். சேலத்திலிருந்து வரும்போது முன்னால் போகிற லாரியின் புகையில் நீ மூக்கைப் பொத்திக்கொள்வாய். எஞ்சின் வேலை முடிந்து வண்டியை எடுக்க வரும் டிரைவர் யாரும் என்னிடம் எத்தனை குதிரை சக்தி என்று கேட்டதில்லை. "அண்ணே, லோடோட தொப்பூர்ல எந்த கியர்ல ஏறும்?" இதுதான் கேள்வி. மூன்றில் ஏறிய வண்டி இரண்டுக்கு இறங்கினால் மறுநாளே பட்டறை வாசலில் நிற்பார்கள். உன் கேமையும் நான் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன்.

கணக்கு போட்டேன், நீயும் ஒரு தரம் சரிபார். டயர் உயரம் 29 அங்குலம் என்றாய். ஒரு சுற்றுக்கு 2.31 மீட்டர் போகும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சக்கரம் 720 சுற்று. பின் ஹவுசிங்கில் பல் சக்கர ரேஷியோ 3.08, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் 3.08 சுற்று. பெருக்கினால் எஞ்சின் 2200 சுற்றை ஒட்டி. டாப் கியரில், நெடுஞ்சாலையில், உன் எஞ்சின் வாழப்போகிற இடம் அது. ஊருக்குள் 1200, 1500. மூன்றாவது அட்டையில் என்ன போட்டிருக்கிறான்? இந்தக் கேம் 2500இல் வேலையைத் தொடங்கும், 6000 வரை போகும் என்று. அதாவது நீ ஓட்டுகிற நேரம் முழுக்க அது தூங்கும், கண்ணு.

காரணம் இன்டேக் வால்வு மூடும் நேரத்தில் இருக்கிறது. முதல் அட்டையில் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு கிராங்க் சுற்றில் 204 டிகிரி திறந்திருக்கும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் 214. மூன்றாவதில் 230, 236. எல்லாம் கேமின் மேட்டின் மேல் உட்காரும் டேப்பட் 50 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 50 பங்கு, தூக்கிய இடத்திலிருந்து அளந்தது. பிஸ்டன் அடியில் போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகு, முதல் கேமில் 30 டிகிரியில் வால்வு மூடுகிறது. மூன்றாவதில் 41. அந்தப் பதினோரு டிகிரியும் பிஸ்டன் மேலே வந்துகொண்டே, உள்ளே வந்த பெட்ரோல் காற்றை வந்த வழியே திருப்பித் தள்ளும். வேகமாகச் சுற்றும்போது காற்றுக்கு ஓட்டம் இருக்கும், திரும்பாது, இன்னும் கூட உள்ளே வரும். பெரிய கேமின் பலம் அங்கேதான். மெதுவாகச் சுற்றும்போது அந்த ஓட்டம் இல்லை. அமுக்கத்துக்கு மிஞ்சுவது குறைவு, இழுவையும் குறைவு.

இதில் உன் ஊரையும் சேர்த்துப் பார். டென்வர் 1600 மீட்டர் உயரம், நம் ஏற்காட்டை விடவும் மேலே. காற்று அங்கே ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு குறைவு. அதில் இன்னும் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும் கேமை நீயே காசு கொடுத்து வாங்கலாமா? கடலோரத்தில் இருப்பவனுக்குச் சரியாக வரும் கேம் உனக்கு ஒரு அளவு பெரிதாகத்தான் இருக்கும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

மாப்பிள்ளைக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நின்ற இடத்தில் வண்டி குலுங்கிக் குலுங்கி உறுமுகிற சத்தம் அவருக்கு ஆசை. நல்ல ஆசைதான், எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் அந்தக் குலுங்கல் எதனால் வருகிறது என்று அவருக்கு எடுத்துச் சொல். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் திறந்து, இரண்டும் சேர்ந்து கொஞ்ச நேரம் திறந்திருக்கும். ஸ்லோவில், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, அந்த நேரத்தில் எரிந்த புகை இன்டேக் பக்கம் கலந்துவிடும். அதனால்தான் தடுமாற்றம். நான் நேராகச் சொன்னால் மாமனார் குறுக்கே வருகிறார் என்று இருக்கும். நீ சொன்னால் கேட்பார்.

இதில் எனக்குக் கவலையான ஒன்று பிரேக். உன் வண்டியில் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சும் வேக்கத்தில்தான் வேலை செய்கிறது. கடலோரத்தில் ஸ்லோவில் 18 அங்குலம் வேக்கம் காட்டும் எஞ்சின், ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறைந்து, உங்கள் ஊரில் 13 தான் காட்டும். முதல் கேமுக்கே அப்படி. மூன்றாவதில் அதற்கும் கீழே எவ்வளவு போகும் என்று யோசி. மலை இறங்கும்போது பயமில்லை, திராட்டில் மூடி எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் வேக்கம் கிடைத்துவிடும். கீழே ஊருக்குள் வந்து, சிக்னலில் இரண்டு மூன்று தரம் அடுத்தடுத்து மிதிக்கும்போதுதான் பெடல் கல்லாகிவிடும். குழந்தையும் உட்காரும் வண்டி அது.

ஆக, முதல் கேம். 204, 214, வால்வு லிஃப்ட் 0.420, 0.443 அங்குலம், இரண்டு மேடுகளுக்கும் நடுக்கோணம் 112. நடு அட்டை 214, 224 தப்பில்லை, ஆனால் அது நீ சமவெளிக்கு வந்து, ரேஷியோவையும் மாற்றினால் பார்க்கலாம். மூன்றாவதுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டியின் கன்வெர்ட்டர், வால்வு ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

இனி முக்கியமானது டேப்பட். புதுக் கேமுக்குப் புது டேப்பட்தான். பழையது பளபளவென்று இருக்கிறதே என்று போட்டுவிடாதே. நான் பட்டறை போட்ட புதிதில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்புக்கு அப்படிச் செய்தேன். புதுக் கேம் வாங்கவே வண்டிக்காரர் கஷ்டப்பட்டார். டேப்பட்டைக் கழுவிப் பார்த்தேன், நன்றாகத் தெரிந்தது, போட்டுவிட்டேன். அதுவும் மண்ணெண்ணெய்த் தட்டில் எல்லாம் கலந்து கிடந்தது, எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று தெரியாது. இருபது நாளில் டக் டக் என்று சத்தத்தோடு வண்டி வந்தது. பிரித்தால் இரண்டு மேடுகள் தேய்ந்து வட்டமாகிவிட்டன. அரைத்த இரும்புத் தூள் எண்ணெயோடு போய் பேரிங்கையும் கோடு போட்டுவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. அடுத்த கேமும் பேரிங்கும் என் காசில் போட்டேன். அதற்குப் பிறகுதான் பிஸ்கட் அட்டையில் ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, வரிசையாகக் குத்தி வைக்கும் பழக்கம் வந்தது. அந்த நம்பரை எழுதுவது உன் வேலை. 7ஐத் திருப்பிப் போட்டு எழுதுவாய்.

புது டேப்பட் வந்ததும் இரண்டை எடுத்து முகத்தோடு முகம் வைத்துப் பார். தட்டையாக ஒட்டாது, லேசாக ஆடும். அந்த முகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும், கேமின் மேடும் ஒரு பக்கம் துளி சரிந்திருக்கும். அதனால்தான் மேட்டின் மேல் உட்கார்ந்த டேப்பட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றினால் பிழைக்கும். நின்றுவிட்டால் ஒரே இடத்தில் தேய்ந்து போகும். பழைய டேப்பட்டின் முகம் பழைய கேமோடு தேய்ந்து தட்டையாகிவிட்டது, அது புதியதன் மேல் சுற்றாது.

முதல் தரம் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மேடுகளிலும் டேப்பட் முகத்திலும் கேமோடு வரும் பசையைத் தாராளமாகத் தடவு. டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டை வழியாக டிரில் மிஷினால் எண்ணெய் பம்பைச் சுற்றி, மேலே வால்வை அழுத்தும் ராக்கர் வரை எண்ணெய் வருகிறதா பார். தண்ணீர், கார்புரேட்டரில் பெட்ரோல், டைமிங், பயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2, எல்லாம் தயாராக இருக்க வேண்டும். சாவி போட்டால் உடனே பிடிக்க வேண்டும், செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பசை வழித்துக்கொண்டு போய்விடும். பிடித்ததும் ஸ்லோவுக்கு விடாதே, நேராக 2000க்கு ஏற்று. கேமுக்கு எண்ணெய் கிராங்க் சுற்றித் தெறிப்பதில்தான் கிடைக்கிறது, ஸ்லோவில் அது பற்றாது. 2000க்கும் 2500க்கும் நடுவில் ஏற்றி இறக்கி இருபது, முப்பது நிமிடம் ஓட்டு. எண்ணெய் பழைய எஞ்சினுக்கென்று துத்தநாகம் கூட உள்ளதாக வாங்கு. புகைக் குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடாமலிருக்க இப்போதைய கார் எண்ணெயில் அதைக் குறைத்துவிட்டார்கள். டேப்பட்டுக்கு மேல் நிற்கும் புஷ் ராடில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்து, ஒரு பக்க மூடியைக் கழற்றிவிட்டுப் பார். கோடு சுற்றினால் டேப்பட்டும் சுற்றுகிறது. ஏதாவது ஒன்று நின்றிருந்தால் அப்போதே அணைத்துவிடு.

மற்ற வேலை உனக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். போரை மேலே, நடுவே, கீழே, இரண்டு பக்கமும் திருப்பி அளந்து அனுப்பு. தேய்மானம் இருந்தால் 30 தவ் ஓவர்சைஸ், அதற்கு மேல் வேண்டாம். தட்டைத் தலை பிஸ்டனும் உன் பழைய 76 சிசி ஹெட்டும் சேர்ந்தால் கம்ப்ரஷன் 8.6 பக்கம் வரும். உங்கள் ஊரில் பங்க்கில் விற்கும் 85 ஆக்டேனுக்கு நோக்கிங் வராது. டைமிங் செயின் இரட்டை வரிசை. 600 சிஎஃப்எம் கார்புரேட்டர் போதும், மேனிஃபோல்டு இரண்டு அடுக்கு உள்ளது. புகைச் சோதனை விதி அங்கே என்னவென்று முதலில் கேட்டுக்கொள்.

இதெல்லாம் செய்தும் டிரெய்லரோடு மலை ஏறும்போது இழுவை போதவில்லை என்றால், கேமைத் தொடாதே. பின் ஹவுசிங்கில் கிரவுன் பினியன் பல் சக்கரங்களை 3.73க்கு மாற்று. சக்கரத்தில் இழுவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். நெடுஞ்சாலையில் சுற்று 2700க்குப் போகும், பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

ஸ்டார்ட் செய்கிற அன்று எனக்கு வீடியோ கால் போடு. உங்கள் சாயங்காலம் ஆறு மணி என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை, நான் எழுந்திருப்பேன். போனை ராக்கர் மூடிக்குப் பக்கத்தில் பிடி, முகத்தைக் காட்ட வேண்டாம், சத்தம் கேட்டால் போதும். கையில் ஃபீலர் கேஜ் எடுக்கும்போது மோதிரத்தைக் கழற்றிவிடு.

அம்மா காவேரிப்பட்டணத்து நிப்பட்டு வாங்கி வைத்திருக்கிறாள். ராகி மாவும் சேர்த்து அடுத்த வாரம் பார்சல் போடுகிறோம். பெட்டியில் ஒரு ஓரமாக என் பழைய மைக்ரோமீட்டரும் இருக்கும், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா