1965 ஷெர்லாக் ஹோம்ஸ் டிவிடி செட் கேட்டால் 1954 செட் அனுப்பியது பற்றிய புகார்

வணக்கம்.

ஏழு வாரமாக உங்கள் கஸ்டமர் கேரில் பேசிப் பேசி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். இதுவரை ஆறு பேரிடம் முதலிலிருந்து கதை சொல்லியாகிவிட்டது. தயவுசெய்து இதையாவது யாராவது கடைசிவரை படியுங்கள்.

நான் கேட்டது பிபிசியின் பழைய ஷெர்லாக் ஹோம்ஸ் டிவிடி செட். டக்ளஸ் வில்மர் ஹோம்ஸாகவும் நைஜல் ஸ்டாக் அவர் நண்பர் வாட்சனாகவும் நடித்தது. 1964-ல் முன்னோட்டமாக ஒரு எபிசோடு, 1965-ல் பன்னிரண்டு, ஆக 13. வந்தது 1954-ல் பிரான்சில் படம்பிடித்த, ரொனால்ட் ஹோவர்ட் ஹோம்ஸாக நடித்த தொடர், 39 எபிசோடு, எல்லாம் அரைமணி நேரக் கணக்கு. பெட்டியில் 39 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அதன்மேலேயே உங்கள் ஆள் 'வில்மர் 1965' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார், அதுவும் கோணலாக, ஹோவர்டின் மூக்குக்கு மேல். ஒட்டினவர் கண்ணில் அந்த 39 படவே இல்லையா?

இதெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? இறக்குமதி செய்து விற்பவர்கள் நீங்கள். ஆனால் உங்கள் ஏஜென்ட் ஒருவர் (மூன்றாவது வாரம், செவ்வாய் மதியம், ரெக்கார்டிங் இருக்கும், கேட்டுப் பாருங்கள்) "ரெண்டும் கறுப்பு வெள்ளை ஷெர்லாக் ஹோம்ஸ்தானே சார், பார்த்துட்டீங்கல்ல, அப்புறம் என்ன?" என்றார். சீலைப் பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பதாம்? சரி, ஒப்புக்கொள்கிறேன், சிவப்புத் தலையர் சங்கம் கதையை மட்டும் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அதற்காக நான் பணம் கட்டியது அதற்கு என்று ஆகிவிடுமா? ஹோவர்டின் ஹோம்ஸ் இளமையானவர், கலகலப்பானவர். வில்மரிடம் இருக்கிற அந்த ஈரமில்லாத பார்வைக்காகத்தான் நான் ஆர்டர் போட்டதே.

அம்பத்தூர் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றுப் பார்சல் கூரியர் குடோனில் இருக்கிறது, நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் வந்தது. தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, உச்சி வெயிலில் போய் நின்றேன். அங்கே இருந்தவர் தயிர்சாதம் சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "அது காலையிலயே ரிட்டர்ன் போயிடுச்சே" என்றார். அரைநாள் லீவு, பஸ் காசு, அன்று பிடித்த தலைவலி இன்னும் விடவில்லை.

இதற்கு நடுவில் ஒரு அம்மையார், அவர் மரியாதையாகத்தான் பேசினார், பீட்டர் குஷிங் நடித்த 1968 தொடரை வேண்டுமானால் அனுப்பட்டுமா என்று கேட்டார். அது 16 எபிசோடு, டேப்புகளை அழித்தது போக மிஞ்சியிருப்பது 6. நல்ல பண்டமாற்று! வில்மர் தொடரிலும் 'அபே கிரேன்ஜ்' எபிசோடின் முதல் பாதி கிடையாது என்று எனக்குத் தெரியும், அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. என் பிளேயரில் எந்த நாட்டுக்கான டிஸ்க்கும் (எல்லா ரீஜியனும்) ஓடும், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பிளேயரை மாத்திப் பாருங்க" என்று சொன்ன ஆளும் உங்களிடம் உண்டு.

விலை 4,200 ரூபாய். அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க வைத்திருந்தேன், கடைசியில் வெறுங்கையோடு போய் நின்றேன். அந்த அவமானத்துக்கு ஐம்பதாயிரம் கேட்டாலும் தகும்.

நான் சண்டைக்காரன் இல்லை. உங்களிடம் முன்பு வாங்கிய மூன்று செட்டும் ஒழுங்காகத்தான் வந்தன, அதனால்தான் இவ்வளவு பொறுமை. பத்து நாளுக்குள் வில்மர் செட் வர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணமும் திரும்பி வர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிவு செய்வேன், அப்புறம் நுகர்வோர் ஆணையம். பில், ஸ்டிக்கரோடு பெட்டியின் போட்டோ, ரிட்டர்ன் மெசேஜ் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏழு வாரமாகக் காத்திருக்கும் வாடிக்கையாளர்

பி.கு.: பழைய பெட்டியை எடுக்க ஆள் அனுப்பினால் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள். என்னை அம்பத்தூருக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.