மொட்டை மாடி ஆன்டெனாவும் வீட்டுப் பிராணிகளும்

ஆசிரியருக்கு,

மொட்டை மாடியில் ஹாம் ரேடியோவுக்குச் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) செங்குத்து ஆன்டெனா நிறுத்துபவர்கள், அதன் அடியில் நிழலுக்குப் படுக்கும் நாய், பூனையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

100 வாட்டில் சிக்னல் அனுப்பும்போது, கால் அலைநீள உயரமுள்ள ஆன்டெனாவின் அடிமுனையில் சுமார் 60 வோல்ட்தான். அடியிலிருந்து நாலாபுறமும் விரியும் ரேடியல் கம்பிகளை உயர்த்திக் கட்டினால், அவற்றின் நுனியிலோ பல நூறு வோல்ட். அடிமுனையில் கேபிள் இணைக்கும் அரை அலைநீள வகையில் அடிமுனையிலேயே 500 வோல்ட் அளவுக்கு ஏறும். ரேடியோ அலைவரிசை மின்சாரம் ஷாக் அடித்து உதறாது. ஈர மூக்கு பட்ட இடம் ஆழமாக வெந்துவிடும். ரேடியல்களை 7 அடிக்கு மேல் கட்டுங்கள். முடியாவிட்டால் தரையோடு கிளிப் போட்டு, நுனிகளை பிவிசி குழாய்க்குள் விடுங்கள். அடிப்பாகத்தைச் சுற்றி 3 அடிக்கு பிளாஸ்டிக் தடுப்பு போதும். இரும்பு வலை வேண்டாம், ஆன்டெனாவின் டியூனிங் மாறும். ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளை நாய் கடிக்கும். அதையும் குழாய்க்குள் கொண்டு செல்லுங்கள்.

பலர் கவனிக்காதது எர்த். ரேடியோவுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை) பவர் சப்ளைக்கு எர்த் விட்டுப்போனால், அதன் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக கோஆக்ஸின் வெளிவலை, ரேடியல்கள் எல்லாவற்றிலும் 115 வோல்ட் வரை மிதக்கும். அந்தக் கசிவு சிறியது, சுருக்கென்று குத்தும், அவ்வளவே. பவர் சப்ளை உள்ளே பழுதானால் 230 வோல்ட்டும் மாடிக்கு வரும். மழையில் நனைந்த நாய்க்கு அது உயிராபத்து. எர்த் பின் இல்லாத இரண்டு பின் அடாப்டரைத் தவிருங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். அதன் டெஸ்ட் பட்டனை மாதந்தோறும் அழுத்திப் பாருங்கள். கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்று எர்த் கிளாம்பை அரித்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சுரண்டி, இறுக்குங்கள்.

ஹாம் வானொலியாளர்,
திருவான்மியூர், சென்னை