சாவி உன் கையிலும் இருக்கட்டும்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "மோட்டார்ஹோமை அவரே ஓட்டட்டும்மா, நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்றேன், அது போதும்." படுக்கையும் அடுப்புமாக ஒரு சின்ன வீடே சக்கரத்தில் ஓடுகிற அந்த வண்டியை மாப்பிள்ளை மட்டும் ஓட்டினால் போதும் என்கிறாய். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை, அப்பா பக்கத்தில் இருந்தார். பதினோரு வருடம் நானும் இதே வசனத்தைத்தான் பேசினேன்.

உனக்குச் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. ஒரு பயணத்தில் மலை இறங்கி, சாலை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்த அப்பா நிமிரவே இல்லை. முதுகு பிடித்துக்கொண்டது. டீசல் இருந்தது, லைசென்ஸ் என் கைப்பையில் இருந்தது, ஓட்டத்தான் தைரியம் இல்லை. இரண்டு ராத்திரி அங்கேயே கிடந்தோம். மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவரே ஓட்டினார். குழிக்குக் குழி அவர் முனகியது இன்னும் காதில் இருக்கிறது. வீடு திரும்பிய மறு வாரமே ஒரு காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன்.

கார் ஓட்டத் தெரிந்த உனக்கு இது பெரிய வித்தை இல்லை. இரண்டு விஷயம்தான் கையில் பழக வேண்டும். ஒன்று, அகலம். சாதாரணக் கார் 1.8 மீட்டர் இருக்கும், இந்த வண்டி 2.3 மீட்டர் வரும், கண்ணாடிகள் அதற்கும் வெளியே. இன்னொன்று, பின்பக்கம். பின்சக்கரத்துக்குப் பின்னாலும் வண்டி நீண்டுகொண்டே போகிறது அல்லவா? நீ ஒரு பக்கம் ஒடிக்கும்போது அந்த வால் எதிர்ப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் ஒரு கம்பத்தை நான் தடவியது அப்படித்தான். முன்னால் எல்லாம் சரியாக இருந்தது, சத்தம் பின்னாலிருந்து வந்தது. அந்தக் கீறலை அப்பா இன்றைக்கும் விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார். அவர் போட்ட கீறல்கள் மறுபக்கம் இருக்கின்றன, அந்தப் பக்கம் யாரையும் கூட்டிப்போவதில்லை.

அப்புறம், சண்டை. ஓட்டுவதை மாற்றிக்கொள்ளும் எந்தத் தம்பதிக்கும் இது வந்தே தீரும், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். காரில் உட்காரும் பழக்கத்தில், சாலையில் நம் உடம்பு எங்கே இருக்க வேண்டும் என்று மனசு ஒரு கணக்கு வைத்திருக்கும். பெரிய வண்டியிலும் அதே இடத்தில் உட்கார்ந்தால், கூடுதல் அகலம் முழுக்கப் பக்கத்து இருக்கைப் பக்கம் போய்விடும். ஓட்டுபவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும், பக்கத்தில் இருப்பவர் காலடியில் சாலை ஓரமும் பள்ளமும் ஓடும். "ஓரம், ஓரம்!" என்று அவர் கத்துவார். "நான் நடுவில்தானே போறேன்" என்று இவர் சீறுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் பதினோரு வருடம் கத்தினேன், என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார் அப்பா. நான் ஓட்ட ஆரம்பித்து, அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்த முதல் நாளே கதவுக் கைப்பிடியை விடவில்லை. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, அந்தப் பக்கத்து மிதியடியில் குதிகால் பட்ட இடம் வழவழவென்று தேய்ந்தேபோய்விட்டது.

இதற்கு வைத்தியம், பக்கக் கண்ணாடியில் அடிக்கடி பார்த்து, பின்சக்கரத்துக்கும் சாலைக் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று கவனிப்பது. கண்ணாடி சொல்வதைக் கேள், மாப்பிள்ளை சொல்வதை அப்புறம் கேட்கலாம். லாரி முந்தும்போது மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள். காற்று முதலில் வெளியே தள்ளும், லாரி கடந்ததும் உள்ளே இழுக்கும். பதறித் திருப்பிவிடாதே.

லேசான நெடுஞ்சாலையை உனக்குக் கொடுத்துவிட்டு மலையையும் சந்தையையும் அவர் வைத்துக்கொண்டால் ஒத்துக்கொள்ளாதே. இறக்கமும் உனக்குப் பழக வேண்டும். குறைந்த கியரில் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, வேண்டிய நேரத்தில் கைவிடும்.

மாற்றுவது எப்போது? களைத்தபிறகு மாற்றலாம் என்று விடாதே. களைத்தவர் ஒருநாளும் "களைச்சுட்டேன்" என்று சொல்ல மாட்டார், அப்பாவைக் கேள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கால் மணி நேரம் நடந்துவிட்டு மாறிக்கொள்ளுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும், அந்த நேரத்தில் புதிதாக ஏறியவர் ஓட்டட்டும். விடியற்காலைப் பயணமே வேண்டாம்.

ஏறுகிறவர்தான் வண்டியைச் சுற்றி வர வேண்டும், இறங்குகிறவர் இல்லை. கேஸ் வால்வும் கூரை ஜன்னலும் மூடியிருக்கிறதா, ஏறும் படி மடிந்திருக்கிறதா, நிறுத்திய இடத்தில் செருகிய மின்சார வயர் கழற்றியிருக்கிறதா என்று பார். அந்த வயரைக் கழற்றாமல் கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன் (பெயர் வேண்டாம், உன் அப்பா இதையும் படிப்பார்). இருக்கையையும் கண்ணாடிகளையும் உனக்கு ஏற்ப வைத்த பிறகுதான் எஞ்சின். வண்டி ஓடும்போது இன்னொருவர் பின்னால் போய் நடமாடக்கூடாது, பெல்ட் போட்டு உட்கார்ந்தே வர வேண்டும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது வெளியே நிற்பவர் உன் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கட்டும். தெரியவில்லையா, உடனே நிறுத்து. எந்தக் கைச்சாடைக்கு என்ன அர்த்தம் என்று கிளம்புமுன்பே பேசிவையுங்கள். "வா வா" என்று கையாட்டினால் வரச் சொல்கிறாரா, போதும் என்கிறாரா என்று எங்களுக்கு இரண்டு வருடம் விளங்கவில்லை.

பேப்பர் வேலையும் உண்டு. பல நாடுகளில் சாதாரணக் கார் லைசென்ஸ் 3,500 கிலோ வரைதான். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை (ஆளும் சாமானும் சேர்த்து) எவ்வளவு என்று முதலில் பார். இன்சூரன்சில் உன் பெயரும் இருக்க வேண்டும். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராக எழுதச் சொல். இல்லாமல் ஓட்டி விபத்தானால் இழப்பு உங்கள் தலையில் விழலாம்.

உனக்கு ஒரு திண்டு தைத்து அனுப்பியிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் வைக்க. பெடல் எட்டும், ஆனால் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஒரு 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும், ஏர்பேக் விரிய இடம் வேண்டும். அடர்ந்த சிவப்பில் தைத்திருக்கிறேன், மாப்பிள்ளை அதைத் தலையணையாக எடுத்துக்கொண்டு போனால் உடனே தெரியும்.

அன்புடன்,
அம்மா