சீன வரலாற்றைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

1898-இல் சீனப் பேரரசர் ஆணைமேல் ஆணையிட்டு நாட்டை மாற்ற முயன்ற நூறு நாள் சீர்திருத்தத்தை நாம் சொல்லும் முறை எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. நல்லவரான பேரரசர் குவாங்சு, பொல்லாத அரசமாதா சிக்சி, செப்டம்பர் 21-இல் அரசமாதா நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு. இவ்வளவில் முடித்துவிடுகிறோம். சீர்திருத்த ஆணைகளைப் படித்த அக்கறையில் பாதியாவது நியமன ஆணைகளுக்குக் காட்டியிருந்தால் தோல்வி எங்கே தொடங்கியது என்று தெரிந்திருக்கும்.

முதல் ஆணை வந்தது ஜூன் 11-இல். நான்கே நாளில், பேரரசருக்குச் சிறுவயது முதல் பாடம் சொன்ன வெங் தோங்ஹ பதவி இழந்தார். அன்று அவருடைய பிறந்தநாள். மறுநாள் பேரரசர் புறப்பட்டபோது அரண்மனை வாயிலுக்கு ஓடிப்போய், வழியோரம் தலை நிலத்தில் பட வணங்கினார் அந்த முதியவர். பேரரசர் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தாமும் கனவில் இருப்பதுபோல் ஆனதாக வெங் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்த வரியைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

அதே ஜூன் 15-இல் இன்னொரு ஆணையும் பிறந்தது. அதிகாரிகளின் தரவரிசையில் இரண்டாம் நிலையிலும் அதற்கு மேலும் நியமனம் பெறுவோர் இனி அரசமாதாவை நேரில் கண்டு நன்றி சொல்ல வேண்டும். நன்றி யாருக்கோ, விசுவாசமும் அவருக்குத்தானே! அவருடைய நம்பிக்கைக்குரிய ரோங்லு, தலைநகரைச் சூழ்ந்த சிலி மாகாணத்தின் பொறுப்புக்கு வந்ததும் அன்றுதான்.

ஆகவே பேரரசரின் கைக்கு எட்டியவை சிறிய பதவிகளே. ஜூன் 16-இல் அவரைச் சந்தித்த, சீர்திருத்தத்தின் முதன்மைச் சிந்தனையாளர் காங் யூவெய்க்குக் கிடைத்தது, வெளியுறவைக் கவனித்த சோங்லி யாமெனில் ஒரு செயலர் வேலை. செப்டம்பர் 4-இல் பேரரசர் ஒருமுறை துணிந்தார். கீழ்நிலை அலுவலர் ஒருவரின் விண்ணப்பத்தைத் தடுத்ததற்காகச் சடங்கு அமைச்சின் தலைவர்கள் ஆறு பேரையும் நீக்கினார். மறுநாள் யாங் ருய், லியு குவாங்தி, லின் சூ, தான் சிதோங் ஆகிய நால்வரை, பேரரசரின் உயர் ஆலோசனை அமைப்பான பேரவையின் செயலர்களாக்கினார். அவர்களுக்கு மேலே பழைய பேரவை உறுப்பினர்கள் அப்படியே அமர்ந்திருந்தார்கள். 23 நாள் கழித்து, விசாரணை இல்லாமலே, அந்த நால்வரின் தலைகளும் பெய்ஜிங்கின் சாய்ஷிகோ என்னும் கொலைக்களத்தில் விழுந்தன.

அடுத்த முறை எழுதும்போது ஜூன் 15-க்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். வெங்கின் நாட்குறிப்பு வரியையும் அதில் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்